கடல் கொந்தளித்தது என்று எழுதியவள்

மகனே, போன வருடம் படகில் வைத்து எடுத்த அந்த வீடியோவில் முப்பத்தோராவது வினாடியில் நீ கம்பியை விடுகிறாய். அதுவரை ஒரு கையால் படகின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய். கிற்றார் கழுத்தில் தொங்குகிறது. தூறல் விழுகிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். பிறகு பாட்டின் நடுவில் கிற்றார் தனியாக ஒலிக்க வேண்டிய இடம் வருகிறது. அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். நீ கம்பியை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்குகிறாய். முப்பத்தெட்டாவது வினாடியில் ஓர் அலை வந்து மோதுகிறது, ஒலிபெருக்கிப் பெட்டி சரிந்து கடலுக்குள் போகிறது, படம் ஒரு கணம் வெறும் வானத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அன்று நீ பத்திரமாக வீட்டுக்கு வந்தாய். தலையைக்கூடத் துவட்டாமல் குசினி வாசலில் நின்று பிளேன்ரீ கேட்டாய். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வீடியோவைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை அது வேறு மாதிரி முடிந்துவிடுமோ என்று பயப்படுகிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி, ஒட்டிய உறையில் போட்டு, உன் பைக்குள் வைத்திருக்கலாம். ஆனால் விழாக் குழுவினர் பொன்விழா மலருக்காக என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "பாட்டுப் பிறந்த நாளைக் கண்டுபிடித்த கதை" என்று தலைப்பும் அவர்களே தந்தார்கள். விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள் தங்கள் பக்கத்தை முதலே பார்க்க வேண்டும் என்பதால், மலரை விழாவுக்கு இரண்டு கிழமை முன்பே வீடுவீடாகக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு ஒதுக்கிய அந்தப் பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். நீ முதலில் வாசிப்பாய். பிறகு ஊர் வாசிக்கும். ஏன் அப்படி என்பது போகப் போக விளங்கும்.

ஊரில் புதிதாக வந்திருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். ஐம்பது வருடங்களுக்கு முன், பொப் பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்த காலத்தில், எங்கள் துறைமுகப் பகுதியில் நான்கு இளைஞர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். நால்வர் குழு என்றே எல்லோரும் சொன்னார்கள். கிளிவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் பாடிவிட்டு மூதூரிலிருந்து நகரத்துக்கு லோஞ்சு என்ற பயணிகள் படகில் திரும்பி வரும்போது, கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பயணிகளைச் சமாளிக்க அவர்கள் அந்த இடத்திலேயே ஒரு பாட்டைக் கட்டிப் பாடினார்கள். அதுதான் ‘கடைசி லோஞ்சு’. இறங்குதுறைக்கு ஓடிவரும் ஒருவனுக்குக் கடைசி லோஞ்சு தவறிப்போகிற கதை. பிறகு அது இசைத்தட்டாக வந்தது. இன்றுவரை இங்கே ஒரு கலியாண வீடும் அந்தப் பாட்டு இல்லாமல் முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் மாதத்தில் அந்தப் பாட்டுப் பிறந்த திகதியன்று, எங்கள் இசைக்காரர்கள் படகில் நடுக்குடாவுக்குப் போய் அதைப் பாடிவிட்டு வருகிறார்கள். இந்த வருடம் பொன்விழா. ஐம்பது வருடத்துக்கு ஐம்பது இசைக்காரர்கள். மூன்று மீன்பிடிப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, மேலே பலகை பரப்பி மேடை போடப்போகிறார்கள். முன்வரிசைக் கிற்றார் நீ.

நான் எங்கள் குடும்பத்தின் முதலாவது பட்டதாரி. உன் அம்மப்பா, என் அப்பா, அந்த லோஞ்சில் ரிக்கற் கொடுத்தவர். கப்பல்துறைக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் படித்து நான் பல்கலைக்கழகம் போனேன். அங்கே இருந்த நான்கு வருடமும் ஒரு தடவைகூடக் கையை உயர்த்திக் கேள்வி கேட்டதில்லை. பின்வரிசையில் இருந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்: யார் பேனையைக் கடிக்கிறார்கள், யார் விளங்காமலே தலையாட்டுகிறார்கள் என்று. கதைக்க ஏலாதவளுக்கு எழுத்து வேலைதான் சரி என்று நகரத்தில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் சேர்ந்தேன். காலையில் மூன்று நிமிடம் போகும் ‘இசையில் இன்று’ நிகழ்ச்சிக்குத் துண்டு எழுதுவது என் பொறுப்பு. இத்தனை வருடத்துக்கு முன் இதே நாளில் இன்ன இசைத்தட்டு வெளியானது, இன்ன பாடகர் முதன்முதல் மேடை ஏறினார் என்று மூன்று நான்கு வரி. பழைய சஞ்சிகைகளையும் இணையத்தையும் துழாவி, திகதி வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறேன்.

அந்த வேலையைச் செய்யச் செய்ய ஒன்று விளங்கியது. இசைக்காரரின் நினைவு நாட்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று முதல் பாட்டு வெளியான நாள், மற்றது பாடியவர் இறந்த நாள். இரண்டுக்கும் நடுவில் சில வேளை நான்கைந்து வருடம்தான் இருக்கும். விமானம் விழுந்து போனவர்கள், தெரு விபத்தில் போனவர்கள், குளிக்க இறங்கிய ஆற்றில் போனவர்கள். இருபத்திரண்டு வயது, இருபத்தைந்து, இருபத்தேழு. முதலில் அவை எனக்கு வெறும் எண்களாக இருந்தன. உனக்கு வயது ஏற ஏற, ஒவ்வொரு துண்டிலும் நான் முதலில் வயதைத்தான் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிள்ளையின் சாவை மூன்று வரியில் எழுத எனக்குத் தெரியும், மகனே. எந்தச் சொல்லை முதலில் வைப்பது, வாசிப்பவர் எங்கே மூச்சு விடுவார், எந்தப் பாட்டைத் தொடர்ந்து போட்டால் கேட்பவர்கள் வேலையை விட்டுவிட்டு நிற்பார்கள் என்றெல்லாம் தெரியும். அது தெரிந்திருப்பதுதான் எனக்குப் பயம்.

பதினைந்து வருடங்களுக்கு முன், டிசம்பரில் ஒரு நாளுக்கு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. பின்னேரம் நான்கரை மணி. நிகழ்ச்சியை வாசிக்கும் றிஸானா, கிண்ணியாவிலிருந்து வருகிறவள், அன்று போலவே இன்றும் என் சிநேகிதி, பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன புள்ள, நாளைக்கு ஒண்டும் இல்லையா? உலகத்தில ஒரு மனுசனும் அண்டைக்கு வாயே திறக்கல்லையா?"

"தேடிப் பாத்தன். இல்லை."

"இல்லையெண்டு நான் எப்படி வாசிக்கிற? மூண்டு நிமிசமும் இருமிக்கொண்டு இருக்கவா? எங்கட ஊர்ப் பாட்டு ஒண்டைப் போடு. திகதிய யாரு பாக்கப் போறா."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எழுதியவள் நான். அம்மப்பா முன்னொரு நாள் சொன்ன லோஞ்சுக் கதை நினைவுக்கு வந்தது. "முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்" என்று தொடங்கினேன். வருடம் சரி. தான் வேலைக்குச் சேர்ந்ததற்கு அடுத்த வருடம் என்று அவர் சொல்லியிருந்தார். மாதமும் நாளும் நான் போட்டவை. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. டிசம்பரில் கொட்டியாரக் குடா சும்மா கிடக்காது என்று இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அமைதியாகப் பாடினார்கள் என்றால் நம்பமாட்டார்கள். ஆகவே "கொந்தளிக்கும் கடலின் நடுவே" என்று மூன்று சொற்களைச் சேர்த்தேன். வசனங்கள் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது என்பதைப் பல்கலைக்கழகத்தில் நன்றாகத்தான் படித்திருந்தேன்.

அடுத்த நாள் காலையே அம்மப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதைச் சுவரில் சாத்த முன்னமே சிரிப்பு.

"றேடியோவில எங்கட லோஞ்சு வந்ததடி. அந்தப் பிள்ளை நல்லா வாசிச்சவ."

"அப்பா, அண்டைக்குக் கடல் அப்பிடியோ கிடந்தது?"

"எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லை. வெயில் எறிச்ச மாதிரித்தான்..." பிறகு தலையை ஆட்டினார். "இல்லை, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். படிச்சனி, பாக்காமலோ எழுதுவாய். எனக்குத்தான் மறந்துபோச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை அப்பா, அங்கே நின்றவர் நீங்கள்தான் என்று. அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் அவர் இறங்குதுறையில் தன் பழைய கூட்டாளிகளுக்கு அந்தக் கதையை மழையையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் கண்மூடும் வரைக்கும் அந்த நாளில் மழை பெய்துகொண்டே இருந்தது. தன் கண்ணால் கண்ட வெயிலை ஒரு மனிதர் மகள் எழுதிய மூன்று சொற்களுக்காக விட்டுக்கொடுத்தார். எங்களைப் போன்ற வீடுகளில் முதலாவதாகப் படித்த பிள்ளையின் எழுத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்க்காததால் அந்தப் பிள்ளை இரண்டு தடவை பார்க்க வேண்டும். நீ நாளைக்குப் பட்டம் எடுத்து, நீ சொல்வதை நாலு பேர் அப்படியே நம்புகிற இடத்தில் இருக்கும்போது, இதை நினைத்துக்கொள்.

அம்மப்பாவின் மடியில் இருந்து அந்தக் கதையைக் கேட்டபோது உனக்கு ஐந்து வயது. சாப்பாட்டு நேரம் என்னிடம் வந்து, "அம்மா, புயலில அவங்களுக்குப் பயம் வரேல்லையோ?" என்று கேட்டாய். "பாடுறவங்களுக்குப் பயம் வராது. ஆ காட்டு" என்றேன். ஒரு வாய் சோற்றுக்காகச் சொன்ன பதில் அது. நீ வாயைத் திறந்தாய், சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டாய். அந்த முப்பத்தோராவது வினாடியில் உன் முகத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே பயம் இல்லை. மற்றத் தாய்மாருக்கு அது பெருமையாக இருந்திருக்கும்.

அடுத்த டிசம்பரில் இரண்டு பேர் இறங்குதுறையில் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். அதற்கடுத்த வருடம் ஐந்து பேர். பிறகு யாரோ, கரையில் நின்று பாடினால் என்ன மதிப்பு, நடுக்குடாவுக்கே போவோம் என்றார்கள். பாலங்கள் வந்தபின் மூதூருக்கு எல்லோரும் பஸ்ஸில்தான் போகிறோம், லோஞ்சைத் தேடுவாரில்லை. ஆகவே மீன்பிடிப் படகு பிடித்தார்கள். நான் ஒவ்வொரு வருடமும் அதே துண்டைத் திரும்ப எழுதினேன், முப்பத்தாறு, முப்பத்தேழு என்று எண்ணை மட்டும் மாற்றி. மறுத்து எழுத ஒவ்வொரு வருடமும் ஒரு சந்தர்ப்பம் வந்தது, ஒவ்வொரு வருடமும் அது முந்தியதைவிடக் கடினமாக இருந்தது. போன வருடம் பாடகர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேட் அடித்தார்கள். வீடியோவில் நீ ஒரு தடவை திரும்புகிறாய். உன் முதுகில் பெரிய எழுத்தில் என் மூன்று சொற்கள்.

போன கிழமை நீ மட்டக்களப்பில் பல்கலைக்கழக வகுப்பு முடிந்து வெளியே வந்த நேரம் நான் போன் எடுத்தது ஞாபகம் இருக்கும்.

"தம்பி, இந்த முறை நீ ஏறாத. காய்ச்சல் எண்டு சொல்லு."

"ஏனம்மா?"

"எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கு எப்பதான் பயம் இல்லை. பஸ்ஸுக்குப் பயம், நாய்க்குப் பயம், றேடியோவில வேலை செஞ்சுகொண்டு மைக்குக்கும் பயம்."

"பகிடி விடாத."

"சரி, எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம். மற்ற நாப்பத்தொன்பது பேருக்கும் காய்ச்சலோ அம்மா?"

நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஐம்பதில் ஒன்றைக் கழித்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிச்ச நாற்பத்தொன்பது பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தத் திகதியை எழுதியபோதும் அப்படித்தான், என் ஒரு பக்கம் நிரம்பினால் போதும் என்றிருந்தேன்.

மறுநாள் விழாக் குழுத் தலைவரின் இரும்புக்கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்காகத்தான் போனேன். வழியில் வசனத்தைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் கடையில் நின்ற இரண்டு பேருக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "இந்தத் தங்கச்சிதான் அந்தத் திகதியைத் தேடிப் பிடிச்சவ. பட்டதாரி. இவ இல்லாட்டி எங்களுக்கு விழாவே இல்லை."

அவர்களில் ஒருவர், "இந்த முறை மழை கடுமையாம், முதலாளி" என்றார்.

"வரட்டும். அண்டைக்கு அவங்கள் புயலில பாடினவங்கள். கடல் படுத்துக் கிடக்கேக்க போய்ப் பாடுறதெண்டா வீட்டு முற்றத்தில பாடலாமே."

உயிர்காப்பு அங்கி பற்றி மற்றவர் கேட்டார். அவர் நல்ல மனிதர், அதற்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஐம்பது கேட்டதில் இருபதுதான் கிடைத்ததாம். பாடகர்கள் போட விரும்புகிறார்கள் இல்லையாம். அங்கி போட்டால் முதுகில் இருக்கும் எழுத்து மறைந்துவிடுமாம். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும் தங்கச்சி?" என்று கேட்டார். என் வாயில் வந்தது, "ஆணி." கால் கிலோ ஆணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் அந்தப் பொட்டலம் எதற்கு என்று உன் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நால்வரில் இன்று இருப்பவர் ஒருவர்தான், டிறம் அடித்த பெனடிக் அண்ணை. எழுபத்தைந்து வயது. அவருடைய வீடு மீன் சந்தைக்குப் பின்னால், என் வேலையிடத்திலிருந்து பத்து நிமிட நடை. பதினைந்து வருடமாக நான் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை காலை போனேன். முற்றத்தில் இருந்து றால் கோது உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் லோஞ்சில பாடினது எந்த மாதம்?"

"அதைப் பிள்ளையெல்லோ எங்களுக்குச் சொன்னது."

"நான் சும்மா எழுதினனான்."

கையிலிருந்த றாலைச் சட்டியில் போட்டார். "தெரியும்."

"தெரியுமோ?"

"மாரி மழைக்க ஆராவது அந்த லோஞ்சில டிறம் ஏத்துவானோ? விசரோ எங்களுக்கு? கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. எஞ்சின் நிண்டு ஒரு மணித்தியாலம். ஆரும் பயப்பிடேல்லை, வெக்கையிலதான் சனம் புறுபுறுத்தது. கலியாண வீட்டுக்காரர் ஒரு சாக்கு நுங்கு கட்டித் தந்தவை. அதைச் சீவிச் சனத்துக்குக் குடுத்துக் குடுத்துப் பாடினனாங்கள். கத்தி தந்தது உன்ர அப்பர்தான்."

நுங்கு என்றால் வைகாசி, ஆனி. கடல் தூங்குகிற காலம். அம்மப்பா தன் கையால் கத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கத்தியையும் நுங்கையும் வெயிலையும் என் மூன்று சொற்கள் அவரிடமிருந்து பறித்துவிட்டன.

"அப்ப ஏன் அண்ணை நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"முப்பத்தஞ்சு வருசம் ஆரும் என்ர பேரைச் சொல்லேல்லை, பிள்ளை. அண்டைக்கு றேடியோவில சொல்லிச்சுது. தெருவில ஆக்கள் நிண்டு கை தந்தவை. திகதி பிழையெண்டு சொன்னா பேரும் பிழையாப் போயிடும் எண்டு பயந்தனான்." இன்னொரு றாலை எடுத்தார், உரிக்காமல் வைத்திருந்தார். "இந்த முறை என்னை நடுப் படகில இருத்தி மாலை போடப்போயினமாம். டிறம்மும் வைக்கினமாம். ஏலாது எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு. புயலில பாடின மனிசனெல்லோ நான்."

"பயமில்லையோ அண்ணை?"

"கம்பியைப் பிடிக்க ரெண்டு கை வேணும். டிறம் அடிக்கவும் அதே ரெண்டு கைதான் இருக்கு."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நீயும் அவரும் மட்டுமில்லை, அந்தப் பலகையில் நிற்கப்போகும் ஐம்பது பேருக்கும் இரண்டு கைகள்தான். பாட்டு நல்லாய் வரும்போது ஒருவர் கையும் கம்பியில் இருக்காது.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கும் இது தெரியாது. அவர் திட்டவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவர் அல்லவா, அவருக்கு எல்லாம் காற்றுத்தான். "காத்துக் கூடினா நாங்கள் பாதி வேலையை விட்டுட்டு இறங்கி வந்திடுவம். கீழ நிக்கிற ஒருத்தனும் எங்களைப் பாத்துச் சிரிக்கிறேல்லை. உந்தப் பாட்டுக்காரருக்கு மட்டும் இறங்கிறது வெக்கமாப் போச்சு, ஏனெண்டா நீ இறங்காத ஆக்களைப் பற்றி எழுதிப்போட்டாய்" என்றார். வானிலை எச்சரிக்கை வந்தால் படகை விடமாட்டார்கள்தானே என்று நான் கேட்டேன். போன வருடம் உன் ஒலிபெருக்கிப் பெட்டி விழுந்த அன்றும் எச்சரிக்கை ஒன்றும் இருக்கவில்லை என்றார். பிறகு ஆணிப் பொட்டலத்தைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆகவே உனக்கும், விழாக் குழுவுக்கும், அந்த நாற்பத்தொன்பது பேரின் வீடுகளுக்கும் இங்கே எழுதுகிறேன். பாட்டு உண்மை. நால்வரும் உண்மை, பெனடிக் அண்ணையின் பெயரும் உண்மை. எஞ்சின் நின்றதும் உண்மை. திகதி பொய், அதைப் போட்டவள் நான். புயலும் பொய், அதை எழுப்பியவளும் நான். வெக்கையில் சலித்துப்போன சனத்தைச் சிரிக்க வைக்க, நுங்கு தின்றபடி கட்டிய பாட்டு அது. அதனால்தான் அது கலியாண வீடுகளில் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அது ஒரு வீரப் பாட்டு இல்லை. அந்தப் பாட்டைப் பாட ஒருவருக்கும் துணிச்சல் தேவையில்லை.

எனக்கு இப்போது எத்தனை பயம் என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தைப் பற்றி உனக்குப் பிழையாகச் சொல்லித்தந்தவள் நான். மலர் வெளிவந்த அடுத்த நாள் சந்தைக்குப் போகப் பயம். "பட்டதாரி" என்ற சொல்லை யாராவது இழுத்துச் சொல்லுவார்களோ என்று பயம். உன் கூட்டாளிகள் உன்னை என்ன கேட்பார்கள், நீ தலை குனிவாயோ என்று பயம். இவையெல்லாம் சின்னப் பயங்கள். இதை வாசித்த பிறகும், சேட் அடித்தாயிற்று, படகு சொல்லியாயிற்று, வருகிறவர்களுக்குச் சொல்லியாயிற்று என்று அவர்கள் போனால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். அப்போது என் எழுத்தால் ஒன்றும் ஏலாது. கதைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். உனக்கு என் கூச்சம் இல்லை, அதற்காக நான் எத்தனையோ நாள் சந்தோசப்பட்டிருக்கிறேன். நீ போய் அவர்களோடு கதை. அம்மாவுக்குப் பயம் என்று சொல்லாதே, சிரிப்பார்கள். உனக்குப் பயம் என்று சொல். அது பொய்யாக இருந்தால், அந்த வீடியோவை இன்னொரு தடவை முப்பத்தோராவது வினாடியிலிருந்து பார், உண்மையாகிவிடும். பயந்தபடியே நல்லாய் வாசிக்கலாம், மகனே. கம்பிக்குப் பக்கத்தில் நின்று, தரையில் நின்று, கடல் ஓய்ந்த நாளில் வாசிக்கலாம்.

நுங்கு வரும் காலத்தில், கடல் எண்ணெய் போலக் கிடக்கும் ஏதாவது ஒரு நாளில் பொன்விழாவை வையுங்கள். எந்த நாள் என்று நான் சொல்லமாட்டேன். இனி ஒரு திகதியும் என்னிடமிருந்து வராது. இத்தனை வருடமும் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அன்று நானும் ஏறுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பெனடிக் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து, அவருக்கும் சேர்த்து நான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸால் இறங்கியதும் இதை உன் கையில் தருவேன். நீ வேண்டாம் என்றாலும் சனிக்கிழமை காலை இது அச்சகத்துக்குப் போகும். இந்த டிசம்பருக்கான துண்டையும் எழுதிவிட்டேன். றிஸானாவிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இத நான் வாசிக்க மாட்டன் புள்ள. நீ எழுதினத நீயே வாசி. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றாள். ஆகவே அன்று காலை வானொலியில் நீ முதன்முதலாக என் குரலைக் கேட்பாய். குரல் நடுங்கினால் சிரிக்காதே. ஒரு வரிதான், பதினைந்து வருடங்களுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய வரி: "இன்றைய நாளில், எமக்குத் தெரிந்தவரை, எங்கள் குடாவில் ஒன்றும் நடக்கவில்லை." காலை ஏழு மணிக்கு அதை நான் வாசிப்பேன். அன்று பொழுதுபடும்போதும் அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும். அது உன் கையில் இருக்கிறது.

அம்மா